கல்லறைக்குள் மரப் பாவைகள்

எகிப்து தேசத்துச் சிற்பம் என்றவுடன் நம் மனக்கண் முன் வந்து நிற்பது கல்லேயாகும். வானளாவும் பிரமிடுகள், மணலில் படுத்திருக்கும் ஸ்பிங்க்ஸ், அபூ ஸிம்பல் குன்றின் முகப்பில் வரிசையாக வீற்றிருக்கும் ராம்ஸெஸ் மன்னனுடைய நான்கு பேருருவங்கள் ஆகியவையே சரித்திரப் பாட புத்தகங்களில் நம் குழந்தைகள் காணும் படங்கள். இவற்றின் கம்பீரத்தைக் குறைத்துப் பேச யாருக்கும் நா எழாது. ஆயினும், அக்கல் முகங்களை எத்தனை நேரம் உற்று நோக்கினாலும், அவர்களுடன் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கலாம் என்ற எண்ணம் நமக்கு உண்டாவதில்லை. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் நைல் நதிக்கரையில் உழுதும் உண்டும் உடுத்தும் வாழ்ந்த மனிதர்களைக் காண விரும்புவோர் கல்லை விட்டு மரத்தினிடம் செல்ல வேண்டும். மரத்தால் செய்து வண்ணம் தீட்டிய பாவைகளை எகிப்தியர் தங்கள் கல்லறைகளுக்குள் வைத்து மூடி வந்தனர். உயிரோடிருப்பவர் எவரும் பார்ப்பதற்கென்று செய்யப்படாத அப்பாவைகளிலேதான் அந்நாட்டு மக்களின் முகம் உள்ளபடி தெரிகிறது என்பது நம் துணிபு.

1860-ஆம் ஆண்டில் நடந்த ஒரு சம்பவம் இதற்குத் தக்க சான்று. ஓகுஸ்த் மாரியத் என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் கெய்ரோவுக்குத் தெற்கேயுள்ள ஸக்காரா இடுகாட்டை அகழ்ந்துகொண்டிருந்தார். மண்வெட்டி பிடித்தவர்கள் அக்கம்பக்கத்துக் கிராமவாசிகள். ஒரு பழங் கல்லறையினுள் மணலை அகற்றியபோது, கையில் கோலூன்றி முன்னே அடியெடுத்து வைக்கும் தோற்றத்தில் ஒரு பருத்த மனிதரின் மரச்சிலை வெளிப்பட்டது. வட்ட முகம், தடித்த கழுத்து, சற்றே சரிந்த தொந்தி, இடையில் முழங்காலளவு ஆடை. அதைக் கண்ட தொழிலாளிகள் அச்சமும் வியப்பும் ஒருங்கே மேலிட்டு, "ஷேக் எல் பெலத்!" என்று கூவினராம். தங்கள் ஊர்த் தலைவரின் சாயல் அச்சிலையில் அப்படியே இருந்ததால், அவரையே விளிக்கும் பெயரால் அதை அழைத்துவிட்டனர். அப்பெயரே அதற்கு இன்றளவும் நிலைத்துவிட்டது.

சிலைக்கு உரியவரின் உண்மைப் பெயர் காஅப்பேர். வேதம் ஓதும் புரோகிதர் என்ற பட்டம் பெற்றவர். அவர் காலம் கி. மு. 2500-ஐ ஒட்டியது. இடையில் கழிந்த நாலாயிரத்து முந்நூறு ஆண்டுகளில் அந்நாட்டில் ராஜ்யங்கள் மாறின, பாஷை மாறிற்று, சமயம் இரு முறை மாறிற்று. எனினும் மண்வெட்டி பிடித்த ஓர் ஏழைக் குடியானவன் அம்முகத்தைக் கண்டவுடன் தன் ஊர்க்காரர் என்று அடையாளம் கண்டுகொண்டான். ஒரு சிற்பத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேறு உண்டோ என நாம் ஐயுறுகிறோம். கலை விமரிசகர் பலர் இச்சிலையைப் பற்றி ஏடு ஏடாக எழுதியிருக்கின்றனர்; அத்தொழிலாளிகள் ஒரே கூச்சலில் சொன்னதற்கு மேல் அவர்கள் அதிகம் சொல்லிவிடவில்லை.

சிலையின் உயரம் ஏறக்குறைய 112 சென்டிமீட்டர். அதாவது மூன்றே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவு. கெய்ரோ பொருட்காட்சிச் சாலையில் அதன் எதிரே நிற்பவர்களை முதலில் பிடித்து நிறுத்துவது கண்கள்தாம். இமைகளுக்குச் செம்புத் தகட்டால் விளிம்பு கட்டி, வெண்விழிக்கு வெள்ளைக் கல்லும், கருவிழியின் மேல் ஸ்படிகமும் பதித்திருக்கிறார்கள். ஸ்படிகத்துக்குப் பின்னே கருமை நிரப்பியிருப்பதால், பார்ப்பவர் நகர நகர அக்கண்களும் தொடர்ந்து வருவன போலத் தோன்றும். உடலின் மீதிருந்த சாந்துப் பூச்சும் வண்ணமும் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. கால்களின் கீழ்ப் பகுதி மக்கிப் போனமையால், இப்போது நாம் காண்பவை பிற்காலத்தில் செய்து பொருத்தியவை.

இத்தனை பாடுபட்டுச் செய்த உருவத்தை ஏன் இருட்டறையில் அடைத்தார்கள்? பண்டை எகிப்தியரின் நம்பிக்கையை அறிந்தாலன்றி இது விளங்காது. மனிதனுக்கு உடலோடு கூடவே "கா" என்றொரு உயிர்ச் சக்தி உண்டு. மரணத்துக்குப் பின்னும் அதற்கு உணவு வேண்டும், தங்குவதற்கு ஓர் உருவம் வேண்டும் என்று அவர்கள் கருதினர். மருந்திட்டுப் பதப்படுத்திய சடலம் ஒருவேளை அழிந்துபோனால், உரியவரின் பெயர் தாங்கிய சிலையில் "கா" வந்து தங்கும். ஆகவே சிலை என்பது அவர்களுக்கு அலங்காரப் பொருள் அன்று, மாற்றுடல். பழைய கல்லறைகள் பலவற்றில் சிலைக்கென்றே நாற்புறமும் அடைத்த ஒரு சிறு அறை கட்டியிருக்கிறார்கள். அரபு மொழியில் நிலவறையைக் குறிக்கும் "ஸெர்தாப்" என்ற சொல்லால் ஆராய்ச்சியாளர் அதனைக் குறிப்பிடுவர். சில ஸெர்தாப்களின் சுவரில் கண் மட்டத்தில் ஒரு சிறு பிளவு உண்டு. வெளியே படைக்கும் உணவின் வாசனையும் தூபப் புகையும் அதன் வழியே உள்ளே செல்லும்.

சிலை செய்து முடிந்ததும் "வாய் திறத்தல்" என்ற சடங்கு நடைபெறும். புரோகிதர் சிலையின் உதட்டில் ஒரு கருவியைத் தொட்டு, அது உண்ணவும் பேசவும் மூச்சு விடவும் வல்லதாகுமாறு மந்திரம் ஓதுவார். அக்கருவி, நம் தச்சர்கள் மரம் செதுக்கும் வாய்ச்சியின் வடிவில் அமைந்தது! மரத்தைச் செதுக்கி உருவாக்கிய கருவியே அதற்கு உயிரும் கொடுக்கிறது. சிற்பிக்கு எகிப்திய மொழியில் வழங்கிய பெயர்களுள் ஒன்றின் பொருள் "உயிர்ப்பிப்பவன்" என்பது. தச்சுத் தொழிலுக்கு இத்தகைய மதிப்பை அளித்த தேசங்கள் உலகில் அதிகம் இரா.

இனி, அத்தொழிலாளிக்குக் கிடைத்த மரம் எத்தகையது என்று பார்த்தால் வியப்பு இன்னும் மிகும். எகிப்தில் நல்ல மரம் அரிது. நதியின் இருகரையிலும் ஒரு குறுகிய பசும்பட்டை. அதற்கு அப்பால் பாலைவனம். உள்நாட்டில் கிடைத்தவற்றுள் முக்கியமானது அத்தி இனத்தைச் சேர்ந்த ஸிகமோர் மரம். இலேசானது, பூச்சி அரிக்கக்கூடியது. மற்றொன்று கருவேல். நம் நாட்டுக் கண்மாய்க் கரைகளில் நிற்கும் கருவேலும் நைல் கரையில் நிற்பதும் ஒரே இனமே. தாவர நூலார் அதற்கு நைல் நதியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதன் வைரம் உறுதியானதுதான். ஆனால் நேரான நீண்ட பலகை அதிலிருந்து எடுக்க முடியுமா என்பதை நம் கிராமத்துத் தச்சரைக் கேட்டால் தெரியும். நெடிய, நேரான, மணமுள்ள தேவதாரு வேண்டுமானால் லெபனான் மலையிலிருந்து கப்பலில் கொண்டுவர வேண்டும். அது அரசர்க்கும் பிரபுக்களுக்குமே கட்டும்.

ஆகவே எகிப்தியத் தச்சர் ஒட்டுவேலையில் நிபுணரானார்கள். உடலை ஒரு துண்டில் செதுக்கி, கைகளைத் தனியே செய்து, துளையும் முளையுமாகப் பொருத்தி மர ஆணியால் இறுக்கினார்கள். காஅப்பேருடைய கோல் பிடித்த இடது கை அவ்வாறு இரண்டு துண்டுகளால் ஆயது. முடிச்சு விழுந்த இடத்தைக் குடைந்தெடுத்து வேறு மரத்தால் அடைத்தார்கள். இணைப்பும் வெடிப்பும் தெரியாதிருக்க, ஆளி நாரில் நெய்த மெல்லிய துணியை ஒட்டி, சுண்ணப் பொடியையும், நம் தச்சர்கள் வஜ்ரம் என்று கூறும் பசையையும் குழைத்த சாந்தை மேலே பூசி வழவழப்பாக்கினார்கள். அதன் பின்னரே வண்ணம். ஆண்களின் மேனிக்குச் செங்காவி, பெண்களின் மேனிக்கு மஞ்சட் காவி, கூந்தலுக்குக் கரி, ஆடைக்குச் சுண்ண வெண்மை, பச்சைக்குச் செம்பின் தாது. நீலத்துக்கு மட்டும் மண்ணில் எடுத்த பொருள் எதுவும் போதவில்லை போலும்! மணல், சுண்ணாம்பு, செம்பு இவற்றை ஒரு காரத்துடன் சேர்த்துச் சூளையில் சுட்டு, பிரகாசமான ஒரு நீலத்தை அவர்களே உண்டாக்கினார்கள். மனிதன் செயற்கையாகச் செய்த வண்ணங்களுள் இதுவே மிகப் பழமையானது என்று ரஸாயன நூலார் கருதுவர்.

மரத்தின் வறுமை தச்சனுக்கு ஒரு நன்மையும் செய்தது. கற்சிற்பி கையும் காலும் ஒடிந்துவிடுமோ என்று அஞ்சி, முதுகுக்குப் பின்னே ஒரு தூணையும், கைக்கும் இடைக்கும் நடுவே கல்லையும் விட்டுவைப்பான். அதனாலேதான் எகிப்தியக் கற்சிலைகள் பலவும் பாறையிலிருந்து முழுவதும் விடுபடாதவை போல் நிற்கின்றன. மரத்தச்சனுக்கு அக்கவலை இல்லை. அவன் பாவைகளின் கை வீசி நிற்கும். கால் முன்னே போகும். இரு கால்களுக்கிடையே வெளிச்சம் புகும்.

மரத்தின் இச்சுதந்தரத்தை முழுமையாகக் காண வேண்டுமானால் மேக்கத்ரேயின் கல்லறைக்குச் செல்ல வேண்டும். மேக்கத்ரே என்பவர் கி. மு. 2000-ஐ ஒட்டித் தீப்ஸ் நகரில் வாழ்ந்த பெரிய ராஜாங்க அதிகாரி. நைலின் மேற்குக் கரைக் குன்றில் குடைந்த அவருடைய கல்லறையைத் திருடர்கள் புராதன காலத்திலேயே கொள்ளையிட்டுவிட்டனர். முந்தைய ஆராய்ச்சியாளர்களும் அங்கே ஒன்றுமில்லை என்று விட்டுப் போயினர். 1920-ஆம் ஆண்டு நியூயார்க் மெட்ரோபாலிடன் பொருட்காட்சிச் சாலையைச் சேர்ந்த ஹெர்பர்ட் வின்லாக், கல்லறையின் வரைபடம் எழுதும் பொருட்டு அதைத் துப்புரவு செய்வித்தார். மார்ச்சு மாதத்தில் ஒரு மாலை, நடைபாதையின் ஓரத்தில் கற்சில்லுகள் ஒரு வெடிப்பினுள் சரசரவென்று வழிந்து மறைவதை வேலையாள் ஒருவன் கவனித்தான். வின்லாக் குப்புறப் படுத்து, மின்சார விளக்கின் ஒளியை அவ்வெடிப்பினுள் செலுத்தினார். நாலாயிரம் ஆண்டுகளாக ஒருவர் கண்ணிலும் படாத சிறியதோர் உலகம் அங்கே பளிச்சென்று தெரிந்தது. நெடிய மேனியுள்ள ஒரு பெண் அமைதியாக நின்றாள். சிறு மனிதர்கள் கோலை ஓங்கி மாடுகளை ஓட்டிக்கொண்டிருந்தனர். படகுகளில் துடுப்புப் போட்டனர்.

அந்தச் சிற்றறையில் இருந்தவை 24 மரப் படைப்புக்கள். மேக்கத்ரேயின் இல்வாழ்க்கை முழுவதையும் தச்சர்கள் சிறு வடிவில் செய்து வைத்துவிட்டனர். ஒன்றில் பிரபு தூண்கள் தாங்கிய தாழ்வாரத்தில் அமர்ந்திருக்க, கணக்கர்கள் எழுத, மேய்ப்பர்கள் புள்ளி மாடுகளை ஓட்டி வந்து கணக்குக் கொடுக்கிறார்கள். ஒன்றில் அடுப்பங்கூடம், மாவு அரைத்து, பிசைந்து, ரொட்டி சுட்டு, பக்கத்திலேயே பீர் வடிக்கிறார்கள். மற்றொன்று தானியக் களஞ்சியம். மூட்டை சுமப்போர் சிலர், அளப்போர் சிலர். குறிப்பெழுதும் கணக்கரோ நால்வர்! உழைப்போரின் அருகே எழுதுவோர் இத்தனை பேர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு புன்னகை கொள்ளாத இந்தியர் இருக்க மாட்டார். நிழல் மரங்கள் சூழ்ந்த குளமும் முன்றிலும் கொண்ட வீடு, நெசவுச் சாலை, இறைச்சிக் கூடம், மீன்பிடி படகு, சமையற் படகு இவற்றையெல்லாம் விவரித்தால் இவ்விதழ் போதாது.

ஒன்றைப் பற்றி மட்டும் விரித்துக் கூறாதிருக்க இயலவில்லை. அது தச்சுப் பட்டறை. நடுவே நட்ட ஒரு கம்பத்தில் பலகையைக் கட்டி ஒருவன் நின்றபடி ரம்பத்தால் அறுக்கிறான். ஒருவன் உளியை வைத்துக் கொட்டாப்புளியால் துளை வெட்டுகிறான். சிலர் வாய்ச்சியால் மரத்தைச் சமப்படுத்துகிறார்கள். சிலர் மணற்கல்லால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். மூலையில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதனுள் விரலளவே உள்ள ரம்பங்கள், கோடரிகள், வாய்ச்சிகள் முதலிய கருவிகள் அனைத்தும் இருந்தன. மூடிய பெட்டிக்குள்ளே, மூடிய அறைக்குள்ளே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று இவற்றைச் செய்தான்? தன் தொழிலைத் தானே செதுக்கும் வேளையில் ஒரு கருவியையும் விட்டுவிட அவனுக்கு மனம் வரவில்லை. அவன் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. ஆயினும் இப்பாவைகளைக் கல்லறைக்கு எடுத்துச் சென்ற கைகளின் விரல் ரேகைகள் அவற்றின் மீது பதிந்திருந்ததையும், மூடப்படுமுன் அவற்றை மொய்த்த ஈக்களின் எச்சம்கூட அப்படியே இருந்ததையும் வின்லாக் குறித்திருக்கிறார்.

வெடிப்பின் வழியே முதலில் தென்பட்ட அந்நெடிய பெண்ணைப் போல இன்னொருத்தியும் அவ்வறையில் இருந்தாள். இருவரும் ஏறக்குறைய நாலடி உயரத்துக்குச் செய்யப்பட்டவர்கள். ஒருத்தியின் தலைமேல் கூடையில் இறைச்சித் துண்டங்கள். மற்றவளின் கூடையில் மது ஜாடிகள். வலக்கையில் உயிருள்ள வாத்தைச் சிறகால் பிடித்திருக்கிறார்கள். பிரபுவின் கல்லறைக்கு என்றென்றும் படையல் அனுப்ப வேண்டிய பண்ணை நிலங்களின் உருவகம் இவர்கள் என்பது அறிஞர் கருத்து. இறைச்சிக் கூடை சுமப்பவளின் ஆடையில் தெய்வ மகளிருக்குரிய இறகுக் கோலம் தீட்டப்பட்டிருப்பதால், இருவருக்கும் ஐஸிஸ், நெப்திஸ் தேவியரின் தொடர்பும் உண்டு எனக் கருதுவர். தெய்வமோ பணிப்பெண்ணோ, தலைச்சுமையுடன் நிமிர்ந்த கழுத்தும், தளராத நடையும், சலியாத பார்வையுமாக அவள் வருகிறாள். நாம் கண்ட எகிப்தியச் சிற்பங்களின் படங்களில் இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்லோம்.

இந்த அழகில் மயங்கி ஒன்றை மறந்துவிடலாகாது. இச்சிறு மனிதர்கள் எவருக்கும் ஓய்வென்பதே இல்லை. பிரபு நிழலில் அமர்ந்திருக்க, மாவரைப்பவள் நாலாயிரம் ஆண்டுகளாக அரைத்துக்கொண்டே இருக்கிறாள். அஸ்யூத் நகரில் மெஸெஹ்தி என்ற அதிகாரியின் கல்லறையில் 40 எகிப்திய வேற்படையினரும், 40 நூபிய வில்லாளிகளும் மரத்தில் அணிவகுத்து நிற்கின்றனர். தனித்தனி உயரம், தனித்தனிக் கேடயம். அவர்களும் இறந்தவருக்குக் காவல் புரியவே அனுப்பப்பட்டவர்கள். பிற்காலத்தில் இப்பாவைகள் சுருங்கி, மறுமையில் எஜமானுக்குப் பதிலாக வயல் வேலை செய்யும் "உஷப்தி" என்ற சிறு பொம்மைகளாயின. ஆண்டின் நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழிலாளியாக 365 பொம்மைகள். பத்துப் பேருக்கு ஒருவர் வீதம் மேற்பார்வைக்கு 36 பொம்மைகள். பரலோகத்திலும் கங்காணி! டூட்டன்காமன் மன்னனுக்கு அதுவும் போதாமல், மேலும் 12 மேலதிகாரிகளைச் சேர்த்து 413 பொம்மைகளை வைத்திருந்தார்கள்.

அம்மன்னனுடைய கல்லறை 1922 நவம்பரில் ஹவார்ட் கார்ட்டரால் கண்டுபிடிக்கப்பட்டதை அறியாதவர் இலர். பள்ளியறையின் முத்திரையிட்ட வாயிலுக்கு இருபுறமும் ஆளுயர மரச்சிலைகள் இரண்டு, கறுப்பு மேனியும் பொன் ஆடையுமாகக் காவல் நின்றன. கருமை நைல் வண்டலின் நிறம். ஆதலால் மறுபிறப்பின் நிறமும் ஆயிற்று. பொன்னைப் பற்றியே உலகம் பேசிற்று. நமக்கோ அங்கே கிடைத்த வேறொரு சிறு உருவமே பெரிதாகப் படுகிறது. மலர்ந்த தாமரையினின்று எழும் ஒரு குழந்தை முகம். மரத்தில் செதுக்கிச் சாந்து பூசி வண்ணம் தீட்டியது. 1924-ஆம் ஆண்டு, கார்ட்டருக்கும் எகிப்து அரசாங்கத்துக்கும் தகராறு மூண்டு வேலை நின்றிருந்த சமயத்தில், அரசாங்கக் குழுவினர் அவருடைய கிடங்கைச் சோதித்தபோது, மதுப் புட்டிகள் வந்த ஒரு மரப்பெட்டிக்குள் இத்தலை அகப்பட்டது. பதிவேட்டில் அதற்கு எண் இல்லை. வாயில் நடையின் குப்பையில் கிடைத்த பொருள், இன்னும் பதியப்படவில்லை என்று சமாதானம் கூறப்பட்டது. தொல்பொருள் இலாகாவும் அதை ஏற்றது. ஆயினும் குழுவிலிருந்த எகிப்தியர்கள் கொதித்து, பிரதம மந்திரி ஸாக்லூல் பாஷாவுக்குத் தந்தி கொடுத்தனர்.

அவர்கள் கொதிப்புக்குக் காரணம் உண்டு. அதுவரை அகழ்ந்தெடுத்த பொருள்களை அகழ்ந்தவரும் அரசாங்கமும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வதே வழக்கம். மேக்கத்ரேயின் பாவைகள் அவ்வாறே 1920-இல் பிரிக்கப்பட்டன. களஞ்சியம் நியூயார்க்குக்குப் போயிற்று. தச்சுப் பட்டறை கெய்ரோவில் நின்றது. இறைச்சிக் கூடை சுமப்பவள் கடல் கடந்தாள். மது ஜாடி சுமப்பவள் தாய்நாட்டில் தங்கினாள். டூட்டன்காமன் விஷயத்தில், 1922-இல் பெயரளவிலேனும் சுதந்தரம் பெற்றுவிட்ட எகிப்து, பங்குக்கு இடங்கொடாமல் அனைத்தையும் தன்னிடமே வைத்துக்கொண்டது. பின்னர் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் தொல்பொருள்களைத் தேசத்தின் பொதுச்சொத்து என்று விதித்தது.

கல்லைத் தூக்கிச் செல்வது கடினம். மரமோ இலேசு, திருடனுக்கும், கறையானுக்கும், ஈரத்துக்கும் எளிதில் வசப்படும். வறண்ட பாலை மணல் மட்டுமே அதைக் காத்துத் தந்தது. மணலை விட்டு வெளியே வந்தபின் மனிதர்தாம் காக்க வேண்டும். 2011 ஜனவரி 28-ஆம் நாள் இரவு, கெய்ரோ நகரம் புரட்சியில் மூழ்கியிருக்க, கொள்ளையர் சிலர் பொருட்காட்சிச் சாலைக்குள் புகுந்தனர். செய்தி கேட்டுத் திரண்ட பொதுமக்கள் கையோடு கை கோத்துக் கட்டடத்தைச் சுற்றி அரணாக நின்றனர். அதற்குள் சில பொருள்கள் போய்விட்டன. படகில் நின்று ஈட்டி எறியும் டூட்டன்காமனின் பொன்முலாம் பூசிய மரச்சிலை அவற்றுள் ஒன்று. கொள்ளையர் மன்னனைப் படகிலிருந்து பிடுங்கிக்கொண்டு, படகை அங்கேயே விட்டுச் சென்றிருந்தனர். ஏப்ரல் மாதத்தில், அந்நகரின் சுரங்க ரெயில் நிலையம் ஒன்றில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பைக்குள் மன்னன் அகப்பட்டான்.